பேச்சியம்மா பாடமாக்கிய வாக்குமூலம்

"எங்க அப்பாவுக்குக் குடுத்த பெல்ட்டக் காட்டுங்க சேர்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று துஷ்யந்திக்குச் சொல்லாத ஆளில்லை. அம்மா சொன்னாள். தங்கையா மாமா சவப்பெட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்னமே சொன்னார். பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அக்கா, தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எதையும் கேளு புள்ள, அத மட்டும் கேக்காத" என்றாள். எல்லாருக்கும் முதலில் சொன்னவர் அப்பா. உயிரோடு இருந்தபோதே சொல்லிவிட்டார்.

அவள் கேட்ட இடம் அப்பாவின் கருமாதிப் பந்தி. கேட்கப்பட்டவர் கஜேந்திரன், கொம்பனியின் நலன்புரி அதிகாரி. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, வாழையிலைக்கு முன்னால் சம்மணம் கட்டி, ஆட்டிறைச்சிக் குழம்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார். அரிசி மூட்டை கொம்பனி கொடுத்தது. தலைக்கு மேலே மழைக்குக் கட்டியிருந்த தறப்பாளும் கொம்பனி கொடுத்ததுதான். பிசைந்த கை அப்படியே நின்றது.

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரம் செடி என்று தேடக்கூடாது. ஒரு பொதுக் குழாய், அதைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டின வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு சாய வேண்டிய சந்து. அந்தச் சந்தில்தான் பந்தி நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆம்பிளைகளில் பாதிப்பேர் அதே கொம்பனியில், பாதுகாப்பு பெல்ட் கட்டிச் சாரக்கட்டு ஏற வேண்டியவர்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

கஜேந்திரன் இடது கையால் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

"தங்கச்சி, உங்கட கவலை எங்களுக்கு நல்லா விளங்குது. அழகுமுத்து அண்ணை எங்கட குடும்பத்தில ஒராள் மாதிரி. இந்த நேரத்தில கொம்பனி உங்களோட நிக்கும்."

முதலில் துக்கத்தை ஒத்துக்கொள். அடுத்து செத்தவனைக் குடும்பத்தில் சேர். கடைசியில், எதற்கும் கட்டுப்படாத ஒரு வாக்குக் கொடு. துஷ்யந்திக்கு இந்த அடுக்கு தண்ணிபட்ட பாடு. வெள்ளவத்தையில் அவள் செய்கிற வேலையே இதுதான். ஏஐயிடம் இரங்கல் கேட்டால் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் கொடுக்கும். அந்தத் தமிழில் கொஞ்சம் மூச்சு ஊதிவிடுவது அவள் பங்கு.

"பெல்ட் எங்கன்னு கேட்டேன் சேர். நீங்க எங்க நிப்பீங்கன்னு கேக்கல."

பந்தியின் கடைசியில் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தங்கையா மாமா எச்சில் கையோடு எழுந்துவந்து, அவள் முழங்கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார். அம்மாவின் தம்பி. அதே கட்டடத்தில் ஓவர்சியர். அப்பாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஒனக்கு டிகிரி குடுத்தவனுக, வாய்க்கு ஒரு பூட்டு குடுக்கலியாடி?"

"பூட்டு ஒங்ககிட்டதான இருக்கு மாமா. பெல்ட்ட எங்க வச்சுப் பூட்டியிருந்தீங்க?"

"மெதுவாக் கதை."

"எங்க?"

அவர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். "ஸ்டோர்ல. பெரியவுக பாக்க வந்தா எடுத்துப் போட்டுப் போட்டோ புடிப்பானுக. மத்த நாள்ல மழைக்கு நனைஞ்சு கெட்டுப்போவும்னு உள்ளாறயே கெடக்கும். நான் என்னா செய்ய? சாவி என்கிட்டயா இருக்கு?"

"இத அப்பிடியே கோர்ட்டுல சொல்லுங்க."

கை சுத்தமாகத்தான் இருந்தது. மாமா மறுபடியும் கழுவினார். "இந்தத் தோட்டத்துல எத்தன அடுப்பு அந்தக் கொம்பனியால எரியுதுன்னு தெரியுமா ஒனக்கு? நீ படிச்சுக் கரையேறிட்ட. நாங்க இன்னும் சாரத்துலதான் நிக்கிறோம். கீழ இருந்துக்கிட்டு ஆட்டாத."

கஜேந்திரன் சாப்பிட்டு முடித்தார். அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். வாசலில் குறுக்கே கட்டியிருந்த நீலக் கொடிக் கயிற்றுக்குக் கீழே, தொங்கிய ஈரச் சேலை தலையில் படாமல் குனிந்து, வெளியே போனார்.

அந்தக் கயிறு அழகுமுத்துவுடையது.

கொம்பனித்தெருவில் பழைய வரிசை வீடுகளை இடித்த இடத்தில் எழும்பியிருந்த கட்டடத்துக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிக்கும் வேலை அவருக்கு. சின்ன வயதில் கோயில் மதிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்துத் தொடங்கியவர். பிறகு எமல்சன், பிறகு உயரம். கடல் காற்று மேலே வேறு மாதிரி அடிக்கும் என்பார். உதட்டில் உப்புப் படியும், ரோலர் கையைப் பிடுங்கும். பகல் சாப்பாட்டுக்கு இறங்கி ஏறினால் நேரம் போகிறதென்று சோற்றுப் பார்சலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி, சாரத்திலேயே உட்கார்ந்து தின்பார். கருவாட்டுத் துண்டுக்குக் காகம் வந்து அடம்பிடிக்குமாம். "கொழும்பு முழுக்க எனக்குக் கீழதான் புள்ள. காக்கா ஒண்ணுதான் எனக்குச் சமதையா நிக்கிது" என்று சிரிப்பார்.

பெல்ட் இல்லாததால், புறக்கோட்டையில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் நீல நைலோன் கயிறு வாங்கி, ஒரு முனையை இடுப்பிலும் மறு முனையைச் சாரத்துக் குழாயிலும் கட்டிக்கொள்வார். தென்மேல் பருவ மழை விடாமல் பெய்த வாரம். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முன் அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. குழாயைப் பொருத்தியிருந்த கொளுவி துருப்பிடித்திருந்தது. கயிறு அறவில்லை. குழாய்தான் கழன்று அவரோடு கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு கறுப்புப் பொலித்தீன் பையைக் கொடுத்தார்கள். சட்டை, காற்சட்டை, நேர்ஸ் இடுப்பருகே கத்தரியால் வெட்டி எடுத்த கயிறு. அம்மா சட்டையையும் காற்சட்டையையும் எரிக்கக் கொடுத்தாள். கயிற்றை மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவி, வாசலில் கொடியாகக் கட்டிவிட்டாள். பழைய கொடி ஏற்கனவே இற்றுப் போயிருந்தது.

"நல்ல கயிறு" என்றாள். "என்னாத்துக்கு வீசணும்?"



கருமாதி முடிந்த மறுநாளே துஷ்யந்தி வேலைக்குப் போனாள். வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் மர்ஸூக் நானாவின் ஒபிஸ். ஒரு காலத்தில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்து கொடுத்த இடம். பிறப்புச் சான்றிதழ், விசாவுக்குக் கடிதம், பொலிஸுக்கு முறைப்பாடு. இப்போது தட்டச்சு யந்திரம் மூலையில் பூச்சாடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா பேச வேண்டிய நாலு வார்த்தை, பழைய மாணவர் சங்கத் தலைவரின் உரை, கடைக்காரரின் தீபாவளி வாழ்த்து, மரண அறிவித்தல், நன்றி நவிலல்: எல்லாவற்றையும் ஏஐயிடம் கேட்டு, திருத்தி, எழுத்தாகவும் குரலாகவும் அனுப்புவார்கள். நானா, துஷ்யந்தி, பர்ஹா என்று மூன்றே பேர்.

குரல் என்பது துஷ்யந்தியின் குரல்.

தொடக்கத்தில் யந்திரத்தில் வந்த தமிழ்க் குரல்கள் எல்லாம் சென்னைத் தொலைக்காட்சி மாதிரிப் பேசின. "ஐயோ, செத்தது எங்கட மாமா. இவ ஏன் பட விளம்பரம் மாதிரிச் சொல்லுறா?" என்று வெள்ளவத்தைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். மர்ஸூக் நானா பின் அறைச் சுவரில் எதிரொலி வராதபடி மெத்தை விரிப்புகளை ஆணியடித்து மாட்டி, துஷ்யந்தியை உட்கார வைத்து, ஒரு வாரம் முழுக்க வாசிக்கச் சொன்னார். பத்திரிகை, பாடப்புத்தகம், மருந்துச் சீட்டு, பெயர்கள், இலக்கங்கள். அதற்குப் பிறகு அவள் வாசிக்கத் தேவையில்லாமல் போயிற்று. எதை எழுதிக் கொடுத்தாலும் அந்தக் குரல் பேசியது. அவள் அப்போது சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோயில் ஒலிபெருக்கியில், மருந்துக் கடை வரிசையில், பள்ளிக்கூடம் பெற்றோருக்கு அனுப்பும் தகவலில் தன் குரலைக் கேட்டு, தோட்டத்துச் சந்தில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

பேச்சியம்மாவுக்கு அந்தக் கணக்கு விளங்கவே இல்லை. மகளின் குரல் எங்கே கேட்டாலும் மகள் அங்கே உட்கார்ந்து பேசுகிறாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நேத்து வெள்ளிக்கிழம கோயில்ல அம்புட்டு நேரம் பேசுனியே, சாப்பிட்டியா இல்லியா?" என்பாள்.

"அது நான் இல்லம்மா. மெசின்."

"ஒன் தொண்டதான?"

"தொண்ட என்னோடது. பேசுறது மெசின்."

"ஒன் தொண்டையில வேற எவ வந்து பேசுவா? போடி இவளே" என்று அம்மா இடியப்ப உரலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். துஷ்யந்திக்குச் சிரிப்பு வரும். விளக்கிச் சொல்ல நேரமிருக்காது. பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள்.

பொலிஸ் விபத்து என்று எழுதிய வழக்கு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை மனைவி வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கவனயீனம் கொம்பனியுடையதா, அழகுமுத்துவுடையதா? அன்று அதைத்தான் எழுதப்போகிறார்கள். தப்பு அவருடையது என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதற்கு மேல் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தக் கடதாசியைத்தான் காட்டுவார்கள். துஷ்யந்திக்கு இது தெரியும். அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தாள்: "நடந்தத சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை மாலை, மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், அவள் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். அம்மா வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து இரவுக் கடைகளுக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். உரலை இரண்டு கையாலும் அமுக்கி, தட்டின் மேல் வட்டமாகச் சுற்றி, ஒரு தட்டு நிறைந்ததும் தள்ளி வைத்து அடுத்ததை எடுப்பாள். இத்தனை வருடத்தில் துஷ்யந்தி பார்த்திராத ஒன்று அன்று நடந்தது. அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"கனம் நீதவான் அவர்களே." ஒரு தட்டு.

"நிறுவனம் எனது கணவருக்குப் பாதுகாப்புப் பட்டி வழங்கியிருந்தது." இன்னொரு தட்டு.

"அதை அணிவது வேலைக்கு இடைஞ்சல் என்று அவர் என்னிடம் பலமுறை கூறியிருக்கிறார்."

தட்டுக்கு ஒரு வரி. பள்ளிக்கூடமே போகாத வாயில் அச்சுப் பிசகாத தமிழ்.

தேங்காயைக் கீழே வைத்தாள். "அம்மா, என்னாது இது?"

"பாடம் பண்ணுறேன். நடுவுல பேசாத, மறந்துரும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் குறும்பு இருந்தது. புருசன் செத்த பிறகு அந்த முகத்தில் துஷ்யந்தி அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"ஏன், ஒனக்குத் தெரியாதாக்கும்?"

மாவுக் கையின் புறங்கையால் போனைத் தட்டினாள். தங்கையா மாமா காட்டிக் கொடுத்த இடத்தில், பச்சை முக்கோணத்தில், ஒரே ஒரு தட்டு.

*கனம் நீதவான் அவர்களே*, என்றது துஷ்யந்தியின் குரல்.

நிதானமாக, மரியாதையாக, எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே மூச்சு விட்டு. *இது யாருடைய தவறும் அல்ல. எனது கணவரின் விதி*, என்று முடித்தது. "விதி" என்ற சொல்லில் அவள் தொண்டை வழக்கமாகக் கம்முகிற இடத்தில் கம்மியது.

துஷ்யந்தி அம்மாவுக்கு முன்னால் குந்தினாள்.

"இது நான் இல்லம்மா."

"சரி சரி."

"சத்தியமா நான் இல்ல! நான் இப்பிடிச் சொல்லுவேனா? பந்தியில வச்சு அந்தாள என்னா கேட்டேன்னு பாத்ததான?"

"பாத்தேன். அதுனாலதான் வெளங்குச்சு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வெளியில சத்தம் போடுறா, உள்ளுக்குள்ள எனக்குப் பதவிசா வழி சொல்லித் தாரான்னு நெனச்சேன். படிச்ச புள்ள, எதிராளிக்குப் போக்குக் காட்டுறான்னு நெனச்சேன். போன்ல கொண்டாந்து போட்ட தங்கையாகூட, அவசரப்படாதீங்க அக்கா, பாத்துச் செய்யுங்கன்னுதான் சொன்னான். நான்தான், எம் மக சொல்லிட்டா, இனி யார் பேச்சும் வேணாம்னுட்டேன்."

"அப்பா அப்பிடிச் சொன்னாராம்மா? பெல்ட் இடைஞ்சல்னு?"

"நீ எழுதியிருக்க, காரணம் இல்லாமயா எழுதுவன்னு..."

"நான் எழுதல!"

எதிர்வீட்டில் வானொலிச் சத்தம் குறைந்தது. அம்மா உரலைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். அதன் துளைகளிலிருந்து பாதி நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஒபிஸ் கதவைத் திறந்தவுடனே துஷ்யந்தி பர்ஹாவின் மேசைக்குப் போய் போனை வைத்து அழுத்தினாள். இரண்டாவது வரியிலேயே பர்ஹாவின் முகம் மாறியது.

"இது நான் செஞ்சதுதான். அல்லாவே, துஷி, இது ஒங்கடதா? பேர் ஒண்டும் ஈக்கல்லடி. 'படிக்காத பொம்புளை ஒராள் பாடமாக்கச் சுகமா, மரியாதையா' எண்டுதான் ஓர்டர். ஒன்ட குரல்தான் அம்மாமாருக்கு மனசில நிக்கும் எண்டு நான்தான் அதப் போட்ட."

"ஒரு சாட்சி என்னா சொல்லணும்னு நாம எழுதிக் குடுக்கலாமாடி?"

பர்ஹா அழத் தொடங்கினாள். "ஏஐயும் அதையே கேட்டிச்சி. சாட்சி தான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லோணும், இதெல்லாம் அவர் சொன்னதானா எண்டு பாருங்க எண்டு கீழ ரெண்டு வரி போட்டீந்திச்சி. நான் வெட்டிட்டு அனுப்பின. கஸ்டமருக்கு அத எல்லாம் காட்டுறல்லயே. எப்பவும் வெட்டுறதானே."

எப்பவும் வெட்டுவதுதான். வெட்டச் சொல்லிப் பர்ஹாவுக்குப் பழக்கிவிட்டதே துஷ்யந்திதான். அவளால் பர்ஹாவை ஏச முடியவில்லை.

மர்ஸூக் நானா தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார். பர்ஹாவின் கண்ணைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

"நானா, ஒங்களுக்குத் தெரியுமா?"

"அனுப்பின பொறகுதான் புள்ள விளங்கிச்சி. அந்த கஜேந்திரன் பில்லுக்கு வந்த நேரம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல?"

மர்ஸூக் நானா கெட்ட மனிதர் இல்லை. சாவு வீட்டுக்கு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண் கலங்கியவர். அதனால்தான் உண்மையைச் சொன்னார்.

"சொன்னா நீ வேலய உட்டுட்டுப் போவ. நீ போனா ஒன்ட குரலப் பாவிக்காதங்க எண்டு சொல்லுவ. அந்தக் குரல் இல்லாட்டி இந்த ஒபிஸ்ல பொறகு என்னதான் ஈக்கி? இந்தப் பூச்சாடியா?"

"அத அழிங்க நானா."

"கடையெல்லாம் அதுதானே கதைக்கிது. எப்பிடிப் புள்ள அழிக்கிற?" அவர் கதிரையை இழுத்து அவள் முன்னால் உட்கார்ந்தார். "இங்க கேளு. நாளைக்குத்தானே கோர்ட்? நான் ஒரு வழி சொல்றன். இன்னொண்டு செய்வோம். உண்மைய வச்சே செய்வோம். ஒன்ட குரல்லயே. உம்மா ராவைக்கு அதப் பாடமாக்கட்டும். சல்லி ஒண்டும் வாணாம்."

அவள் கை ஒரு கணம் கணினிப் பக்கம் போனது. அதுதான் பிறகு நினைத்து நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு நிமிட வேலை. எங்கே அழ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லுக்கு நீதவான் நிமிர்ந்து பார்ப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கொம்பனி செய்ததைவிட நன்றாகவே செய்திருப்பாள்.

"எங்க அம்மாவுக்கு வாய் இருக்கு நானா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.

வாய் இருந்தது. அன்று மாலை முழுக்க அந்த வாயோடு அவள் மல்லுக்கட்டினாள்.

"பெல்ட் பத்தி அப்பா ஒன்கிட்ட என்னாம்மா சொன்னாரு? நீயா யோசிச்சுச் சொல்லு."

"அதை அணிவது வேலைக்கு இடைஞ்சல்..."

"அது போன் சொன்னது. அப்பா சொன்னது?"

பேச்சியம்மா கண்ணை மூடினாள். திறந்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது; அவள் எழும்பவில்லை.

"ஒனக்கு ஞாபகம் இல்லியாம்மா? வெசாக்குக்கு முன்னாடி, இந்த எடத்துலதான். அவரு ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தாரு. கட்டச் சம்பல் காரம்னு தண்ணி கேட்டாரு. பெல்ட்டு தாங்கன்னு கேளுங்களேன்னு நீதான் சொன்ன. கேட்டா நாளைக்கு வராதன்னுருவான் பேச்சி, கேக்காட்டி சும்மா பயம் மட்டுந்தான்னாரு. நான் கேக்கிறேன், கொம்பனி நம்பர் குடுங்கன்னேன். நீ மட்டும் கேட்டுறாத புள்ளன்னு என் கையப் புடிச்சாரு."

"ஆமா, ரொட்டி." அம்மாவின் முகம் கொஞ்சம் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. "ரொட்டி தின்னாரு. அது இருக்கு. பேச்சுத்தான் வருதில்ல துஷி. எத்தன தடவ சொன்னேனோ. இப்ப அவரு பக்கத்துல இருந்து சொன்ன மாதிரியே கேக்குது. இடைஞ்சல் பேச்சி, போடமாட்டேன்னு. அவரு குரல்லயே கேக்குது."

"அம்மா."

"ஒருவேள அவரே வேணாம்னு சொல்லியிருப்பாரோ? பிடிவாதக்காரருதான?"

துஷ்யந்திக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. புருசனைப் புதைத்தாகிவிட்டது. இப்போது புருசன் சொன்ன சொல்லையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாகிவிட்டது. வைத்த கை யாருடையது என்று கேட்டால், கை இல்லை, தொண்டை.

தங்கையா மாமா வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "காலையில வேன் வரும்க்கா. ரெடியா இருங்க" என்றார். துஷ்யந்தியைப் பார்க்காமல், "பாடம் பண்ணுனதையே சொல்லிருங்க. கொழப்பிக்காதீங்க. நானும் அதத்தான் சொல்லப்போறேன்" என்றார்.

"நீங்க யார் குரல்ல பாடம் பண்ணுனீங்க மாமா?"

மாமா மழையில் நனைந்துகொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது வானம் வெளுக்காமலே இருந்தது. சந்து முனையில் வெள்ளை வேன் வந்து நின்றது. முன் ஆசனத்தில் கஜேந்திரன், மடியில் கோப்பு. மாமா இஸ்திரி போட்ட சட்டையில், வேன் கதவைப் பிடித்தபடி. தோட்டத்துப் பெண்கள் குடத்தோடு குழாயடியில் கூடிவிட்டார்கள். பேச்சியம்மா சாம்பல் நிறச் சேலை கட்டி, நெற்றி வெறுமையாக, படியில் உட்கார்ந்திருந்தாள். போன் காதோடு இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

துஷ்யந்தி வெளியே வந்தாள். பட்டமளிப்புக்குக் கட்டிய சேலையை எடுத்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று, வேலைக்குப் போகும் சல்வாரையே போட்டிருந்தாள். கொடியில் நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரமாகத் தொங்கியது. ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் நின்ற நாகேஸ்வரி அக்காவின் கையில் போட்டாள்.

"என்னா புள்ள, இந்த நேரத்துல துணி?"

துஷ்யந்தி சுவர் ஆணியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். மழையில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மறு முனைக்குப் போய் அதையும் அவிழ்த்தாள். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில், அப்பா சுற்றுவது போலவே, சுற்றிச் சுற்றி எடுத்தாள். கத்தரி வெட்டின முனை கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பேச்சியம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். "கயித்த ஏன்டி அவுக்குற?"

"பெல்ட்டக் காட்டுங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் காட்டல. அப்பாவோட பெல்ட் இதுதான். நான் காட்டப் போறேன்."

"துஷி, வேணாம். அங்க என்னயத்தான கேப்பாங்க?"

"ஒனக்குத் தெரிஞ்சத நீ சொல்லும்மா. நான் ஒன்ன ஏச மாட்டேன்." அவள் குனிந்து அம்மாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த இடியப்ப மாவைத் துடைத்துவிட்டாள். "நானும் அவருக்கு மகதான். என்கிட்ட அவரு சொன்னத நான் சொல்லுறேன். இந்தக் குரல் யாருதுன்னும் சொல்லுறேன். போன்ல கேட்டதையும் நேர்ல கேக்கிறதையும் கோர்ட்டுக்காரவுகளே பாத்துக்கட்டும்."

சந்தில் நின்றவர்கள் சுவரோடு சாய்ந்து வழி விட்டார்கள். யாரும் வாழ்த்தவில்லை. ஒரு பெண், அவள் புருசனும் அதே சாரத்தில் ஏறுகிறவன், காறித் துப்பினாள். துஷ்யந்தி பார்த்தாள், அவள்மேல் குற்றம் சொல்லவும் தோன்றவில்லை.

வேனுக்குப் பக்கத்தில் வந்தபோது மாமா கயிற்றைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். கதவைப் பிடித்திருந்த கை தானாகவே விலகியது. கஜேந்திரன் கண்ணாடியை இறக்கினார்.

"தங்கச்சி, உங்கட மனநிலை எங்களுக்கு..."

"விளங்குது சேர்" என்றாள்.

"நங்கி, நகின்ன, வெஸ்ஸ எனவா" என்றான் சிங்களச் சாரதி, ஏறச் சொல்லி, வருகிற மழையைக் காட்டி. அவன் ஒருவன்தான் அந்தச் சந்தில் ஒன்றும் தெரியாதவன். அவள் தலையை அசைத்துவிட்டு வேனைக் கடந்தாள்.

பின்னால், யாருடைய விரல் பட்டதோ, அம்மாவின் போன் மறுபடியும் தொடங்கியது. *கனம் நீதவான் அவர்களே*, என்று அவள் குரல் அவளுக்குப் பின்னாலேயே சந்து முனைவரை வந்தது. முதல் துளிகள் விழுந்தன. கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வீதியில் இறங்கினாள். புதுக்கடை நடக்கிற தூரம்தான்.